கோட்டைக் கதவும் திட்டிவாசலும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். பட்டணத்தில் வாடகைக்கு வீடு பிடித்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களில் அநேகர் பாட்டனார் கட்டிய வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டுத் திண்ணையிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு ஆயுளைக் கழித்தவர்கள் என்பதே அதற்குக் காரணம் போலும்.

இன்று பட்டணவாசிகள் பலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உத்தியோகம் எங்கேயோ அங்கே போக வேண்டும். போன இடத்தில் ஒரு வீட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்த வீட்டுக்கு முதல் மாத வாடகையோடு ஒரு பெருந்தொகையையும் முன்பணமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதை ஊரார் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். சட்டம் 'பிணைத் தொகை' என்கிறது. இந்தத் தொகைக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லை யாது, அது எவ்வளவு உறுதியானது என்பதே இவ்வாரம் நாம் நேயர்களுடன் கலந்து பேச விரும்பும் விஷயம்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். உபாத்தியாயர்களுக்குக் கணக்குப் போடாமல் ஒரு விஷயமும் விளங்குவதில்லை என்று நேயர்கள் பரிகாசம் செய்யலாம், பாதகமில்லை. மாதம் 15,000 ரூபாய் வாடகையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வெகுகாலமாக வழங்கிவரும் பத்து மாத வழக்கப்படி அதற்கு முன்பணம் 1,50,000 ரூபாய். அந்தத் தொகை குடித்தனக்காரரிடமே இருந்து, நூற்றுக்கு 6 ரூபாய் வீதம் வட்டி சம்பாதித்தால், வருஷத்துக்கு 9,000 ரூபாய் கிடைக்கும். அதாவது மாதத்துக்கு 750 ரூபாய். ஆகவே வாடகை 15,000 என்று பேசிக்கொண்டாலும், குடித்தனக்காரர் உண்மையில் கொடுப்பது 15,750. ஐந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தால் அவர் இழக்கும் வட்டி மட்டும் 45,000 ரூபாய். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 45,000 ரூபாய் என்பது சரியாக மூன்று மாத வாடகை. சட்டம் எல்லையாகக் குறிக்கும் முன்பணத் தொகை முழுவதுமே அவ்வளவுதான்!

இது கையிலே பணம் வைத்திருப்பவரின் கணக்கு. புதிதாகக் கல்யாணமாகி, முதல் உத்தியோகத்தில் அமர்ந்து, ஊரிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கும் வாலிபரிடம் ஒன்றரை லக்ஷம் ரூபாய் ஏது? மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போகின்றன. அல்லது வங்கியிலோ நண்பரிடத்திலோ கடன் ஏற்படுகிறது. ஒரே தொகைக்கு அவர் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்: கடன் கொடுத்தவருக்கு அவர் வட்டி கட்டுகிறார், வீட்டுக்காரரோ அவருக்கு வட்டி கொடுப்பதில்லை. வாடகைப் பத்திரத்தில் எதை எழுத மறந்தாலும், முன்பணம் 'வட்டியில்லாமல்' திருப்பித் தரப்படும் என்பதை மட்டும் எழுத யாரும் மறப்பதில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்தையொட்டி ஏற்பட்ட வீட்டுப் பஞ்சத்தின் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1946-லும், பிறகு 1949-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன. அவற்றின் ஸ்தானத்தில் 1960-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மிகவும் கண்டிப்பானது. ஒரு மாத வாடகைக்கு மேற்பட்ட தொகையை வீட்டுக்காரர் முன்பணமாகப் பெறலாகாது என்றும், இதற்கு விரோதமாக இரு தரப்பாரும் எழுதிக்கொள்ளும் நிபந்தனை செல்லாது என்றும் அதன் ஏழாவது பிரிவு ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று.

ஒரு மாதம் என்று சட்டம் சொல்லியிருக்கையில் பத்து மாதம் எப்படி வழக்கமாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு தேடி அலைகிறவர், வாசற்படியில் நின்றுகொண்டு வீட்டுக்காரருக்குச் சட்டம் போதிக்க முடியுமா? போதித்தால், "அப்படியா? நல்லது. வேறு வீடு பாருங்கள்" என்ற பதில் வரும். அவருக்குப் பின்னால் படியேறி வருகிறவர் பத்து மாதப் பணத்தோடு வந்துவிடுவார். ஆகையால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. வழக்கம் வீதியில் இருந்தது. வழக்கு நியாயஸ்தலத்துக்குப் போனபோதுதான் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன. வாடகை பாக்கி என்று சொல்லிக் குடித்தனக்காரரை வெளியேற்ற முயன்ற ஒரு வழக்கில், வீட்டுக்காரர் கையில் வைத்திருக்கும் உபரி முன்பணம் குடித்தனக்காரருடைய பணமே, அதைப் பாக்கிக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கருத்தை 1996-இல் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது. ஆனால் உச்ச நீதிமன்றம் வரையில் போய்த் தம் பணம் தம்முடையதே என்று தெரிந்துகொள்ள எத்தனை குடும்பங்களால் முடியும்?

இந்நிலையில், 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புக்களையும் ஒழுங்கு செய்வதற்கென்று தமிழ்நாடு சட்டசபை 2017-இல் ஒரு புதிய சட்டம் இயற்றியது. அது 2019-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதித்தது. தகராறுகளைத் தீர்க்க வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற தனி ஏற்பாட்டையும் செய்தது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. பதினொரு மாதத்துக்கு ஒரு பத்திரம் எழுதி மேஜை அறையில் போட்டு வைத்தால் போதும் என்றிருந்த பழைய நிலைமையைவிட இது எவ்வளவோ மேல்.

முன்பணத்தைப் பற்றிப் பேசுவது அதன் பதினொன்றாவது பிரிவு. மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் பிணைத் தொகை வாங்குவது சட்ட விரோதம் என்று அது சொல்லுகிறது. வீடு காலியான பின் ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் கொடுக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லுகிறது. கேட்பதற்குக் காதில் தேன் வந்து பாய்கிறது அல்லவா? ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும் விதத்தை நாம் இன்னும் சொல்லவில்லை. 'இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற கருத்துள்ள சில சொற்களோடு அது தொடங்குகிறது!

பழைய கோட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் திட்டிவாசல் என்பது தெரிந்திருக்கும். யானை வந்து மோதினாலும் அசையாத பெரிய கதவு. இரும்புக் குமிழ்களும் தாழ்ப்பாள்களும் அதில் பலமாக இருக்கும். அந்தக் கதவிலேயே ஒரு மூலையில், ஓர் ஆள் குனிந்து போய்வரும்படி ஒரு சிறு கதவு வைத்திருப்பார்கள். அதுதான் திட்டிவாசல். நமது சட்டத்தில் 'மூன்று மாதம்' என்பது கோட்டைக் கதவு. 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்பது திட்டிவாசல். கோட்டையிலாவது திட்டிவாசலுக்கு ஒரு காவற்காரன் உண்டு. இங்கே அதன் சாவி, வீடு கிடைத்தால் போதும் என்று தவிக்கிறவருடைய பேனாவில் இருக்கிறது. பத்து மாத முன்பணத்துக்குச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்டால் மாறான ஒப்பந்தம் உண்டாகிவிட்டது; எல்லை மறைந்துவிட்டது. கையெழுத்திட மறுத்தாலோ, வீடே இல்லை.

பழைய சட்டம் மாறான ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. ஆனால் ஊரார் அதைச் சட்டை செய்யவில்லை. புதிய சட்டம் எல்லையைச் சற்றுத் தாராளமாக, நடைமுறைக்கு ஒத்ததாக வகுத்தது. ஆனால் மாறான ஒப்பந்தத்துக்குத் தானே வழிவிட்டது. கண்டிப்பாக இருந்த காலத்தில் நடைமுறைக்கு ஒத்திருக்கவில்லை. நடைமுறைக்கு ஒத்துவந்த காலத்தில் கண்டிப்பு இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால் அல்லவா பிரயோஜனம்?

வீட்டுக்காரர்களாக உள்ள நேயர்கள் இதற்குள் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியே ஆகவேண்டும். வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் குபேரர்கள் அல்லர். பென்ஷன் வாங்கும் பெரியவர் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைச் சரிக்கட்டுகிறார். கணவனை இழந்த ஓர் அம்மாளுக்கு அந்த வாடகையே ஜீவனம். குடிவந்தவர் நாலு மாதம் வாடகை கொடுக்காமல், மின்சாரக் கட்டணத்தையும் பாக்கி வைத்து, குளியலறைக் குழாயை உடைத்துவிட்டு, ஒருநாள் இரவு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அவரைத் தேடிப் பிடிக்க அந்த அம்மாளால் ஆகுமா? ஆகையால் ஜாமீனாக ஒரு தொகை இருப்பது அவசியம். அதை யாரும் மறுக்கவில்லை.

நாம் சொல்லுவது, ஜாமீன் ஜாமீனாகவே இருக்க வேண்டும் என்பதுதான். பத்து மாத முன்பணம் பெரும்பாலும் ஜாமீனாக இருப்பதில்லை; வட்டியில்லாக் கடனாகிவிடுகிறது. வாங்கிய தொகை மாடி கட்டுவதிலோ, பெண்ணின் விவாகத்திலோ செலவாகிவிடுகிறது. பிறகு குடித்தனக்காரர் காலி செய்யும் தினத்தன்று, "அடுத்தவர் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், உமக்குத் தந்துவிடுகிறேன்" என்ற பழகிய வாசகம் வருகிறது. காலி செய்கிறவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். இதற்குப் பயந்தே அநேகர் கடைசிச் சில மாதங்கள் வாடகையே கொடுக்காமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கழிந்து போனபின், வீட்டில் உண்மையாகவே சேதம் இருந்தால் அதற்கு ஈடு செய்ய வீட்டுக்காரர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆக, தொகை பெரிதாக இருப்பதால் வீட்டுக்காரருக்கும் பத்திரம் இல்லை. குடித்தனக்காரருக்கும் நிம்மதி இல்லை.

வெள்ளை அடிக்கும் செலவு என்று ஒன்று இருக்கிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை இதற்கென்று பிடித்துக்கொள்வது சென்னையில் சர்வ சாதாரணம். சுவருக்கு வெள்ளை அடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரருடைய பொறுப்பு என்று அதே சட்டத்தின் அட்டவணை வகுத்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் இங்கேயும் எழுத்து மூலமான மாறான ஒப்பந்தத்துக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. திட்டிவாசல் ஒன்றோடு நிற்கவில்லை.

பிற தேசங்களில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது உதவியாக இருக்கும். ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பில் 551-ஆவது பிரிவு இவ்விஷயத்துக்கென்றே உள்ளது. அங்கும் எல்லை மூன்று மாத வாடகைதான். ஆனால் அந்தத் தொகையை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதத் தவணைகளாகக் கொடுக்கலாம். ரொக்கமாக வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வட்டி வரும்படி தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அந்த வட்டியும் குடித்தனக்காரரைச் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்தனக்காரருக்குப் பாதகமாக இதற்கு மாறான ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் அது செல்லாது. நமது சட்டமும் மூன்று மாதம் என்கிறது; ஜெர்மானியர் சட்டமும் மூன்று மாதம் என்கிறது. முன்னது வேண்டுகோளாகவும் பின்னது கட்டளையாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கடைசி வாக்கியந்தான்.

இங்கிலாந்தில் வேறொரு வழியைக் கையாண்டிருக்கிறார்கள். 2007-ஆம் வருஷம் முதல், அங்கே சாதாரணமாக வழங்கும் குறுகிய கால வாடகைகளில், வீட்டுக்காரர் வாங்கும் பிணைத் தொகையை அரசாங்கம் அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும். இப்போது அதற்குக் கெடு 30 நாட்கள். தவறினால் அந்தத் தொகையைப் போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை குடித்தனக்காரருக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 2019-ஆம் வருஷம் ஜூன் முதல் தொகைக்கும் எல்லை விதித்தார்கள்: வருஷ வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் பிணைத் தொகை வாங்கக்கூடாது. ஐந்து வாரம்! நம் பட்டணத்து வீட்டுத் தரகர் இதைக் கேட்டால், நாம் ஏதோ வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்றே நினைப்பார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது மத்திய அரசாங்கம் 2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மாகாணங்களுக்கு ஒரு மாதிரி வாடகைச் சட்டத்தை வகுத்து அனுப்பியது. அதில் குடியிருக்கும் வீடுகளுக்கு இரண்டு மாத வாடகையும், மற்றக் கட்டிடங்களுக்கு ஆறு மாத வாடகையும் உச்ச வரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. முன்பணம் இவ்வளவு என்று இரு தரப்பாரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த வரம்புக்குள்தான். அதாவது ஒப்பந்தம் எல்லைக்கு அடங்க வேண்டும். எல்லை ஒப்பந்தத்துக்கு அடங்க வேண்டியதில்லை. இந்த மாதிரியை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த மாகாணத்தின் விருப்பம். தமிழ்நாடு தன் சட்டத்தை அதற்கு முன்பே செய்துகொண்டுவிட்டது. முன்னே நடந்தது பெருமைதான்; என்றாலும் பின்னே வந்தவரிடம் நல்லது ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்வதில் சிறுமை ஒன்றுமில்லை.

நமது சட்டத்துக்கு வேண்டிய திருத்தம் பெரிதல்ல. பதினொன்றாவது பிரிவின் தலைப்பில் உள்ள அந்தச் சில சொற்களை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருப்பித் தருவதற்கு ஒரு மாதம் என்று கெடு வைத்த அந்தப் பிரிவில், கெடு தவறினால் வட்டி உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் மீதிப் பாதியும் முடிந்தது. தண்டமில்லாத கெடு, பள்ளிக்கூடத்தில் வீட்டுக் கணக்குக் கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் விடுவதைப் போன்றது. எத்தனை பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் திருந்தும் வரையில் குடித்தனக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் என்பது சட்டமே பொது விதியாகக் குறித்த அளவு என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லிக் கேட்கலாம். கேட்டதனால் வீடு கிடைக்காமற் போகும் இடமும் உண்டு. பத்து ஆறாகக் குறையும் இடமும் உண்டு. அதிகம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், எந்தத் தேதிக்குள் திரும்பும், எதையெதைக் கழிக்கலாம், வெள்ளை அடிக்கும் செலவு யாருடையது என்பவற்றைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பணத்தை வங்கி மூலமாகவே செலுத்த வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. குடிவரும் நாளன்று விரிந்த சுவர், உடைந்த ஓடு, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் குறித்து இருவரும் கையெழுத்திட்டு, புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளன்று சண்டை பாதி குறையும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதும் அவசியம். ஒப்பந்தம் பதிவில் இருந்தால், பிற்பாடு தகராறு வரும்போது வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியிராது.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. அவர்கள் சட்டசபையை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று மாதத் தொகையை வாங்கி, அதை வங்கியில் தனியாகப் போட்டு வைத்தால், காலி செய்யும் நாளன்று எடுத்துக் கொடுப்பதில் ஒரு கஷ்டமும் இராது. அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை யாரும் யாருக்கும் முகத்தை மறைத்துக்கொண்டு திரிய வேண்டியதும் இல்லை. அடுத்த முறை வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைத் தொங்கவிடும்போது, 'முன்பணம் மூன்று மாதம்' என்று கீழே ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். அன்று சாயங்காலத்துக்குள் பலகையை எடுத்துவிடும்படி நேர்ந்தால் அதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல.